பருப்பு மேலே இருக்கு

பார்க்காத ஒரு ஏரியைப் பார்த்ததாகப் பதினாறு வருஷம் பொய் சொல்லியிருக்கிறேன். ஒற்றை வார்த்தைப் பொய் என்றால்கூடப் பரவாயில்லை. தண்ணீரின் நிறம், குளிர், கரையில் கிடந்த கல்லின் வழுவழுப்பு வரைக்கும் விவரமாகச் சொன்ன பொய்.

நான் பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் பனியாறுகள் பற்றி ஒரு பாடம் உண்டு. பனியாறு மலையைக் குடைந்து நாற்காலி மாதிரி ஒரு பள்ளம் உண்டாக்கும், பனி உருகியதும் அதில் தண்ணீர் தேங்கி ஏரியாகும். வெளியே வைகையில் மணல் கொதித்துக்கொண்டிருக்க, நான் நீலச் சாக்பீஸால் ஏரி வரைவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மூன்றாவது பெஞ்சிலிருந்து மும்தாஜ் என்ற பெண் எழுந்து நின்று, "டீச்சர், நீங்க இதப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவரை நான் வடக்கே போனது திருப்பதி வரைதான். ஆனால் நாற்பது பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், நானோ புது டீச்சர், புதுச் சேலை. பார்த்திருக்கிறேன் என்றேன். எப்படி இருந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. கையை விட்டேன், அரை மணி நேரம் விரலில் உணர்ச்சியே இல்லை என்றேன். (கையில் அப்போது இருந்தது சாக்பீஸ்.) அடுத்த வருஷம் மோதிரம் தளர்ந்து தண்ணீருக்குள் விழப்பார்த்தது சேர்ந்தது. அதற்கடுத்த வருஷம், பனிமலை தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரிந்தது. வருஷா வருஷம் அந்த ஏரி வளர்ந்துகொண்டே போனது. மதுரையைச் சுற்றி மற்ற எல்லாக் கண்மாயும் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தப் பொய் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். பழங்காநத்தத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஆனால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேல்வழியாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு அவர் பேசியே தொலைக்கலாம்.

மும்தாஜ் வளர்ந்து, பிசியோதெரபி படித்து, வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மதுரைக்கே திரும்பி வந்தாள். கோச்சடையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கிளினிக் போட்டாள். காலையில் நடக்கிறவர்களை எல்லாம் சேர்த்து ஒரு குழுவாக்கினாள். நானும் வீட்டுக்காரரும் அதில் சேர்ந்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நடை முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது, இமயமலையில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போகப் போகிறோம் என்று அறிவித்தாள். உச்சியில் பனி ஏரி இருக்கிறதாம். காலாண்டு விடுமுறையில் போனால் டீச்சரும் வரலாமாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்த ஏரி கனவில் வருமாம். எல்லாம் டீச்சர் சொன்ன விதம் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

முதலில் பேர் கொடுத்தவர் சுந்தரம் அண்ணன். ஆரப்பாளையத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷன் செய்து மும்தாஜின் கையால் மறுபடி நடக்கப் பழகியவர். முக்கால்வாசி சர்வீஸ் கொடைக்கானல் வண்டியில்தான். ஆயிரக்கணக்கான பேரை அந்த ஊர் ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், ஒரு நாள்கூட ஏரிப் பக்கம் போனதில்லையாம். வண்டி நிற்பது இருபது நிமிஷம். அதற்குள் டீ குடித்து, ஒன்னுக்குப் போய், திரும்ப விசில் ஊத வேண்டும்.

"இம்புட்டு வருசம் மலை ஏறியிருக்கேன் டீச்சர், மலையில தண்ணி எப்படி இருக்கும்னு தெரியாது. செத்தாலும் ஒன்னு பாத்துட்டுச் சாகணும்" என்றார். ஆறு மாசம் தினமும் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தயார் ஆனார்.

பதினோரு பேர் கிளம்பினோம். ரெண்டு நாள் ரயில், ஒரு நாள் பஸ். பூங்காவின் பேரைச் சொல்லப் போவதில்லை. அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ரயிலில் நான் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். போபால் தாண்டி ஒரு வடநாட்டு அம்மா என்னிடம் ஏதோ கேட்க, நான் தலையை ஆட்டி, "ஏக்" என்று ஒரு விரலைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டீச்சருக்கு இந்தி தெரியுமா என்று சுந்தரம் அண்ணன் வியந்தார். சின்ன வயசில் பரீட்சை எழுதியிருக்கிறேன் என்றேன். எழுதியது உண்மை. ரிசல்ட்டை அவரும் கேட்கவில்லை.

மலையடியில் ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்துதான் நடை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று மும்தாஜ் சொன்னாள். ஒரு நாளைக்குத்தான் அனுமதி. வேகமாக நடக்கும் நாலு பேர் அவளோடும் பெரிய வழிகாட்டியோடும் முன்னால் போனார்கள். மீதி ஆறு பேர் பின்னால். எங்களுக்கு கோவிந்த் என்று தாடி வைத்த ஒரு வழிகாட்டி. அவரோடு மதியச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு ஒரு கோவேறு கழுதை. கோவிந்துக்கு இந்தி மட்டும்தான் தெரியும். மும்தாஜ் கிளம்பும்போது திரும்பி, "பின்னால டீச்சர் இருக்காங்க, இந்தி பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

முதல் ஒரு மணி நேரம் நான் மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். இரண்டாவது மணி நேரம் பேச்சு நின்றது. மூன்றாவது மணி நேரத்தில், இந்தப் பூமியில் மலைகள் எதற்கு என்று மனசுக்குள் கேட்க ஆரம்பித்தேன். (அதுவும் ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.) மூச்சு நெஞ்சுக்கு வராமல் தொண்டையோடு திரும்பிப் போனது. கழுதை மட்டும் பூ மேய்ந்தபடி நடந்தது. நடுவில் மூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் போல ஆகியிருக்கும். பாதை ஒரு சமதரைக்கு வந்தது. எதிரில் தண்ணீர்.

சாம்பல் நிறத்தில், அசையாமல், மூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. எல்லோரும் நின்றோம்.

"டீச்சர், இதுதானா?" என்று சுந்தரம் அண்ணன் கேட்டார்.

இதுதான் என்று முதலில் ஒத்துக்கொண்டவை என் கால்கள். அவை மடங்கி என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டன. கால்களே சொன்ன பிறகு வாய் மறுக்குமா? "இதுதான் அண்ணே" என்றேன்.

அவர் செருப்பில்லாமல்தான் தொட வேண்டும் என்று ஷூவைக் கழற்றினார். எல்லோரும் கழற்றினோம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண் சிவந்திருந்தது. பிறகு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வீட்டுக்காரம்மாவுக்கு என்று பையில் வைத்தார். ஒரு அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். என்னைச் சுற்றி உட்கார்ந்து, இது எப்படி உண்டாச்சு என்று கேட்டார்கள். நான் பாடம் நடத்தினேன். பனியாறு எப்படி அரிக்கும், பள்ளம் எப்படி விழும், இந்தத் தண்ணீருக்கு எத்தனை ஆயிரம் வருஷம் வயசு, எல்லாம் சொன்னேன். பதினாறு வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் பாடம் நடத்தியதே இல்லை. கோவிந்த் கழுதையைத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போனார். என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்த் எங்களைத் தண்ணீர் முன்னால் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். பிறகு மலைப்பக்கம் கையை நீட்டி என்னிடம் சொன்னார்:

"தால் ஊபர் ஹை. பஸ், ஏக் கண்டா."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அதுதான் கொடுமை. தால் என்றால் பருப்பு. ஊபர் என்றால் மேலே. ஏக் கண்டா, ஒரு மணி நேரம். பஸ்ஸுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். "பருப்பு மேலே இருக்குங்கிறார். கழுதை மேல மூட்டையில. சீக்கிரம் சாப்பிடணுமாம். பஸ் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புதாம், மூட்டம்ல, அதான்" என்றேன். மூட்டம் என் சொந்தச் சரக்கு.

பஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுந்தரம் அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். வாட்சைப் பார்த்தார். நாலு மணி வண்டி மூணுக்கு என்றால், இப்போதே இறங்கினால்தான் சரியாக இருக்கும் என்றார். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிக்கச் சொல்லி, தலைகளை எண்ணி, எல்லோரையும் கீழ்ப்பக்கம் திருப்பினார். கோவிந்த் ஓடி வந்து கைகளை விரித்து, "நஹி, நஹி, ஊபர், ஊபர்" என்றார். என்ன சொல்கிறார் என்று அண்ணன் கேட்டார். மேலே ஏதோ கோயில் இருக்காம், பார்க்க வாரீங்களான்னு கேக்குறார் என்றேன்.

"கோயில் நம்ம ஊர்ல இல்லாததா. வண்டி போயிரும், வாங்க" என்றார் அண்ணன்.

அந்த முட்டியோடு அவர் இறங்கிய வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் முகமெல்லாம் சந்தோஷமாக இறங்கினார். பாத்துட்டேன்ல, போதும் என்று ரெண்டு தடவை சொன்னார். பின்னால் கோவிந்த், கழுதையோடு, கடைசி வரை புலம்பிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், இம்புட்டு அக்கறையா கோயிலுக்குக் கூப்பிடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். பஸ் இல்லை. மூணேகாலுக்கும் இல்லை. கடைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. கருநீலத்தில் பரந்து கிடக்கிற ஏரி. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று சிகரங்கள், அதே சிகரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக. என் வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்துபோய் அதன் முன்னால் நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மகேசு, நாம பாத்தது இதுவா?"

"அது வேற சீசன்" என்றேன்.

சொல்லிவிட்டு அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

மும்தாஜும் மற்றவர்களும் நாலு மணிக்கு வந்தார்கள். வெயிலில் முகம் கன்றியிருந்தது. நீங்க ஏன் மேலே வரலை, அம்புட்டு நேரம் காத்திருந்தோமே என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள். மூட்டத்தைத் தாண்டி மேலே வந்தால் பளிச்சென்று வெயிலாம். கோவிந்த் அவளிடம் பாய்ந்து போய்க் கொட்டினார். அவள் கேட்கக் கேட்க முகம் மாறியது. பிறகு எங்களிடம் திரும்பி, எதுவும் தெரியாதவள் மாதிரி, அப்படியே மொழிபெயர்த்தாள். நாங்கள் பார்த்தது பாரம் சுமக்கிற கழுதைகள் தண்ணீர் குடிக்க வெட்டிவைத்த குட்டை. அந்த ஊர் மலைப்பக்கம் ஏரியைத் தால் என்பார்கள். பஸ் என்றால் இந்தியில் "அவ்வளவுதான்" என்றும் அர்த்தம். அவர் சொன்னது, ஏரி மேலே இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு மணி நேரம்தான்.

மும்தாஜுக்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். போனை எடுத்து என் கையில் கொடுத்து, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"டீச்சர், நீங்க க்ளாஸ்ல சொன்ன மாதிரியே இருந்துச்சு. கைய விட்டேன், விரல் மரத்துப்போச்சு. மலை தலைகீழா தெரிஞ்சுச்சு. ஒன்னுகூட மாறல."

என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சுந்தரம் அண்ணன் போனைக் கேட்டு வாங்கினார். ரெண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார், கோபமே இல்லாத குரலில்.

"அப்ப நீங்க முன்னாடி பாத்தது எது டீச்சர்?"

"அண்ணே, நான் திருப்பதிக்கு அங்கிட்டு போனதே இல்ல" என்றேன்.

அதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருஷமும் மூவாயிரம் கிலோமீட்டரும் தேவைப்பட்டிருக்கிறது. மும்தாஜ் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அண்ணன் சரி என்று தலையசைத்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், டீக்கடை ஓரத்திலிருந்த செடிக்கு அதை ஊற்றினார். வீசி எறிந்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். செடிக்கு வலிக்காமல் ஊற்றினார்.

மறுநாள் மறுபடி ஏறலாம் என்றால் அனுமதி இல்லை, ரயிலுக்கும் நேரமில்லை, அவர் முட்டியோ பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. திரும்பி வந்த ரெண்டு நாள் ரயிலில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் கீழ் பெர்த். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கங்க டீச்சர்" என்பார். அம்புட்டுத்தான். நாக்பூர் வரைக்கும் நான் மனசுக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். நாக்பூருக்குப் பிறகு தூங்குவது மாதிரி நடித்தேன். ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் அவர் ஜன்னலோரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடுகிற குட்டைகளை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதற்குள் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

வந்த பிறகு ரெண்டு மாசம் காலை நடைக்குப் போகவில்லை. பனியாறு பாடம் வந்தபோது பெண்களிடம், நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். ஏன் டீச்சர் என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் குறைவாக நடந்துவிட்டேன் என்றேன். யாருக்கும் புரியவில்லை. வீட்டில் மட்டும் புரியும். என் மகன் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றால், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "பருப்பு மேலே இருக்கு" என்பார். தெருவில் மழைத்தண்ணி தேங்கினால், ஷூவைக் கழட்டவா என்று கேட்பார்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது சுந்தரம் அண்ணன் வீட்டில் நடந்தது. அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், எங்களை நேரில் வந்து அழைத்தார். போகாமல் இருக்க முடியாது. ஹாலுக்குள் நுழைந்ததும் நடுச்சுவரில் அந்தப் போட்டோ. கோவிந்த் எடுத்தது, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சாம்பல் தண்ணீருக்கு முன்னால் நாங்கள் ஆறு பேர், கையில் ஷூவோடு. இடது ஓரத்தில் கழுதையின் பின்பாதி.

மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமயமலைப் பனி ஏரி என்று அண்ணன் சொன்னார். சம்பந்தி நெருங்கிப் போய், ஓரத்தில் கழுதை மாதிரி தெரிகிறதே என்றார்.

"அது அந்தக் காட்டுல மட்டும் இருக்குற மான்" என்றார் அண்ணன். "இந்தா, டீச்சரே நிக்கிறாங்களே. ஜியாக்ரபி டீச்சர். கேளுங்க."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, இறக்கியும் விடாமல், சும்மா நின்று பார்க்கிற கண்டக்டரின் முகம். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"ஆமா, மான்தான்" என்றேன்.

பிறகு அந்தத் தண்ணீர் எப்படி உண்டானது என்று சம்பந்தி கேட்டார். சொன்னேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள், பேரன் காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் வீட்டு விசேஷம் ஒன்றுவிடாமல் அந்தப் படத்துக்குக் கீழே நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். போன மாசம் யாரோ ஒரு அம்மா, அந்த மானுக்குக் கொம்பு கிடையாதா என்று கேட்டார். குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும் என்று சொன்னேன்.